பருந்துக்கு ஒரு பந்தல்

கோழி வளர்க்கிற வீட்டுப் பெண்களுக்கு அதன் குரல் அத்துப்படி. "கொக்... கொக்..." என்று மெதுவாகச் சொன்னால் இரை கண்டுவிட்டது, குஞ்சுகளைக் கூப்பிடுகிறது என்று பொருள். விட்டு விட்டுக் கத்தினால் பூனையோ கீரியோ தரையில் வருகிறது. தொண்டையை இழுத்து "கேர்ர்ர்..." என்று நீட்டினால் ஆபத்து மேலே இருக்கிறது. தரையில் வரும் எதிரிக்கு ஒரு குரல், ஆகாயத்தில் வரும் எதிரிக்கு ஒரு குரல் என்று கோழி பிரித்துக் கூப்பிடுவதைப் பறவை ஆராய்ச்சி செய்கிறவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

போன வருஷம் மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து அந்த "கேர்ர்ர்" வந்தது. பானையை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். கிணற்றடி வரைக்கும்கூடப் போகவில்லை. தலைக்கு மேலே ஒரு நிழல் ஓடியது. குஞ்சின் "கீச்" சத்தம் முருங்கை மரத்துக்கு மேலே கேட்டது. அவ்வளவுதான். பதினொரு குஞ்சில் அது மூன்றாவது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மாமியார் அண்ணாந்து பார்த்தார். "காலையில கருடனைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிட்டேனே, அதுதானாம்மா இப்போ நம்ம குஞ்சைத் தூக்கிச்சு?" என்று கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

எங்கள் ஊர் சிறுசேரி. 2001-ல் நான் இங்கே மருமகளாக வந்தபோது வீட்டைச் சுற்றி வயலும் ஏரியும் பனைமரமும்தான். இன்றைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. ஆனாலும் பழைய தெருக்களில் எங்களைப் போல நாலைந்து கோழி வைத்திருக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. நாட்டுக்கோழி முட்டைக்கு அடுக்குமாடிக்காரர்களே வீடு தேடி வருகிறார்கள். அந்தக் காசு என் அஞ்சறைப்பெட்டிக் காசு. கேஸ் சிலிண்டருக்கு, பள்ளிக்கூட நோட்டுக்கு என்று யாரையும் கேட்காமல் எடுத்துச் செலவழிக்கிற காசு. அதனால் ஒரு குஞ்சு போனால் வயிறு எரியத்தான் செய்யும்.

அந்த எரிச்சலில் நான் ஒரு தப்புச் செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த தப்பு

தெரு முனையில் இருக்கும் ஒரு தம்பி சொன்னான்: "அக்கா, இதுக்குப் போய் அழுவாங்களா? செத்த குஞ்சு ஒண்ணு இருந்தா அதுல வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கலந்து மொட்டை மாடியில வச்சிடுங்க. ஒரு தடவை தின்னா அப்புறம் இந்தப் பக்கமே தலைகாட்டாது."

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். "கருடனாச்சே, பாவம்" என்றார் மாமியார். நான் கேட்கவில்லை. குளிரில் செத்துப்போன ஒரு குஞ்சு இருந்தது. அவன் கொண்டுவந்த மருந்தைத் தடவிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தேன்.

பருந்து வரவே இல்லை. வந்தது ஒரு காக்கை. கொத்திப் பார்த்தது, தூக்கிக்கொண்டு பறந்தது, கனம் தாங்காமல் எங்கள் கொல்லையிலேயே போட்டுவிட்டது. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். பிரசவத்துக்கு வந்து எங்களோடு இருந்த என் மூத்த மகளின் பிள்ளைக்கு அப்போது பத்து மாதம். தவழுகிற வயசு, எது கிடைத்தாலும் வாய்க்குப் போகும். ஐந்து நிமிஷம் முன்னால் வரை அவன் அந்தக் கல்லடியில்தான் விளையாடிக்கொண்டிருந்தான். பால் கொடுக்க மகள் அவனை உள்ளே தூக்கிப்போன நேரத்தில்தான் அது விழுந்தது.

எங்கள் நாய் மணி அதைத் தின்றுவிட்டது. ஒன்பது வருஷமாக எங்கள் சோற்றைத் தின்று வளர்ந்த நாய். வாயில் நுரை தள்ளி, உடம்பெல்லாம் நடுங்கி, கால் இழுத்துக்கொண்டது. ஆட்டோவில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். ஊசி மேல் ஊசி போட்டுப் பார்த்தார். சாயங்காலம் மணி போய்விட்டது.

"என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டார் டாக்டர். மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "விஷத்துக்கு விலாசம் எழுத முடியாதம்மா. இது பருந்துக்கு, இது நாய்க்கு இல்லேன்னு அதுக்குத் தெரியாது" என்றார். அன்று ராத்திரி பேரனை மடியில் போட்டுக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

யார் அந்தத் திருடன்?

மறுநாள் நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் அந்த டாக்டரிடம் போனேன். "எந்தப் பறவைன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார். பருந்து என்றால் பருந்துதானே என்று நினைத்திருந்தேன். நம் பக்கத்தில் குஞ்சு தூக்குகிறவர்கள் முக்கியமாக மூன்று பேர் என்று அவர் சொன்ன பிறகுதான் அடையாளம் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

முதலாவது கள்ளப்பருந்து. உடம்பு முழுவதும் பழுப்பு. வால் நுனி மீன்வால் போல நடுவில் பிளந்திருக்கும். பல்லாவரம் - துரைப்பாக்கம் சாலையில் பஸ்ஸில் போனவர்கள், பெருங்குடிக் குப்பைமேட்டின் மேல் இவை கூட்டம் கூட்டமாக வட்டமிட்டதைப் பார்த்திருப்பார்கள். குப்பை, மீன் குடல், கோழிக் கழிவு எல்லாம் இதற்கு விருந்து. தரையில் இறங்கி உட்கார்ந்து சண்டை போடாது. பறந்த வாக்கிலேயே காலால் அள்ளிக்கொண்டு போகும்.

இரண்டாவது செம்பருந்து. கருடன் என்று கும்பிடுவது இதைத்தான். வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிற உடம்பு. முட்டுக்காடு, கோவளம் பக்கம் தண்ணீர் இருப்பதால் அங்கே நிறைய உண்டு. மீன், நண்டு, செத்த பிராணி இதன் சாப்பாடு. வாய்ப்புக் கிடைத்தால் குஞ்சையும் விடாது.

மூன்றாவது வல்லூறு. வைரி என்றும் சொல்வார்கள். புறா அளவுதான் இருக்கும். முதுகு சாம்பல் நிறம், மார்பில் செம்பழுப்பு வரிகள், கண் சிவப்பாக இருக்கும். இது வட்டமடிக்காது. மரத்துக்குள் ஒளிந்திருந்து அம்பு மாதிரி தாழ்வாகப் பாயும். ஓணான், எலி, அணில், சின்னக் குருவி எல்லாம் பிடிக்கும். "பருந்தே கண்ணில் படலை, குஞ்சைக் காணோம்" என்றால் பெரும்பாலும் இதன் வேலை, அல்லது காக்கையின் வேலை. காக்கையும் சின்னக் குஞ்சைக் கொத்திக்கொண்டு போகும் என்பதை மறக்காதீர்கள்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? மார்கழியில் தொடங்கி ஆனி வரைக்கும் இவை ஒவ்வொன்றாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற காலம். நாமும் தை, மாசியில்தான் அடைவைக்கிறோம். அதற்கும் பிள்ளை பசி, நமக்கும் குஞ்சுப் பஞ்சம். அதனால்தான் அந்த மாதங்களில் திருட்டு அதிகம்.

நோட்டுப் புத்தகம் சொன்ன உண்மை

டாக்டர் சொன்னபடி ஒரு பழைய நோட்டில் எழுத ஆரம்பித்தேன். என்றைக்குக் குஞ்சு போனது, எந்த நேரம், எப்படி என்று. அந்தப் பதினொரு குஞ்சின் கணக்கைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. பருந்து தூக்கியது மூன்று. ராத்திரி பெருச்சாளி இழுத்தது இரண்டு. குளிரில் ஒன்று. கழிச்சல் கண்டு செத்தது இரண்டு. மிச்சம் மூன்றுதான் வளர்ந்தது. பருந்து செய்ததைக் கண்ணால் பார்த்தோம், அதனால் பழி முழுவதும் அதன்மேல் போட்டோம். கூட்டில் ஓட்டை விட்டதும், ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்கு கண்ணில் சொட்டு மருந்து விடாமல் இருந்ததும் நான்தானே!

இன்னொன்றும் புரிந்தது. என் கொல்லையைப் பருந்துக்கு நானே திறந்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும் என்று முருங்கையைப் பாதி வெட்டியிருந்தேன். கல்யாண முருங்கை வேலியை எடுத்துவிட்டுக் காம்பவுண்டுச் சுவர் கட்டினோம். குஞ்சு ஓடி ஒளிய ஒரு செடி இல்லை. அதோடு, ஞாயிற்றுக்கிழமை மீன் ஆய்ந்த கழிவைச் சுவர் ஓரம் கொட்டுவது என் வழக்கம். பருந்தை வாரா வாரம் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, அது வந்ததும் திட்டினால் எப்படி?

நான் செய்த மாற்றங்கள்

பந்தல்: நாலு சவுக்குக் கழி நட்டு, ஆறடி உயரத்தில் கொல்லையின் பாதிக்குப் பந்தல் போட்டோம். முதலில் தென்னங்கீற்று. ஆடி பிறந்ததும் அவரையும் புடலையும் ஏற்றிவிட்டேன். நிழல், காய், காவல் என்று ஒரு பந்தலில் மூன்று பலன். பருந்து மேலிருந்து பாய நேர்வழி வேண்டும். அந்த வழியை மூடிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரையைப் பந்தலுக்கு அடியில் மட்டும் போடுங்கள். நொய்யோ கம்போ வெட்டவெளியில் இறைத்தால் குஞ்சும் வெட்டவெளியிலேயே நிற்கும். பத்து நாளில் அதற்குப் பந்தல்தான் வீடு என்று பழகிவிடும்.

வலை: பந்தல் போதாத இடத்தில் வலை கட்டலாம். கோவளத்தில் மீனவர் வீடுகளில் கிழிந்த பழைய வலை மலிவாகக் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: வலையைத் தொளதொளவென்று விடாதீர்கள். பறவை கால் சிக்கித் தொங்கும், அணிலும் மாட்டும். நன்றாக இழுத்துக் கட்டி, இடையிடையே பழைய புடவைக் கிழிசலை முடிந்துவிடுங்கள். தூரத்திலிருந்தே பறவைக்குத் தெரியும். சின்னக் குழந்தைகள் கழுத்தில் சுற்றிக்கொள்ளாதபடி ஓரங்களை உயரத்திலேயே முடித்துக் கட்டுங்கள்.

பஞ்சாரம்: நம் பாட்டிமார் சொத்து. பொரித்த முதல் மூன்று, நாலு வாரம் தாயையும் குஞ்சுகளையும் பகலில் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வையுங்கள். தினம் இடம் மாற்றினால் அழுக்கும் சேராது, புது மண்ணில் கிளறவும் கிடைக்கும். வெயிலில் வைக்கக் கூடாது. நாலு வாரத்துக்கு அப்புறம் பஞ்சாரத்தின் ஒரு பக்கத்தைச் செங்கல்மேல் சாய்த்து வையுங்கள். குஞ்சு புகுந்துகொள்ளும், பருந்து புக முடியாது. உடைந்த பானையை ஓரமாகச் சாய்த்து வைத்தாலும் இதே பலன்.

நேரம்: வெயில் ஏறிக் காற்று சூடானதும் பருந்துகள் உயரத்தில் வட்டமிட ஆரம்பிக்கும். வல்லூறோ காலையிலும் சாயங்காலத்திலும் பாயும். அதனால் ஆபத்தில்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. நான் பாத்திரம் தேய்க்கிற நேரத்தில், கண் பார்வையில் மட்டும் குஞ்சுகளை வெட்டவெளிக்கு விடுகிறேன். இரண்டு மாதம் தாண்டிய கோழியைப் பருந்து தூக்குவது அபூர்வம்.

காவல்காரர்கள்: ஒரு சேவல் இருக்கட்டும். அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுப்பதில் அவன் கெட்டிக்காரன். அதைவிடப் பெரிய காவல்காரன் கரிச்சான், அதாவது இரட்டைவால் குருவி. கைப்பிடி அளவு உடம்பை வைத்துக்கொண்டு, தன் கூட்டுப் பக்கம் வருகிற பருந்தையே துரத்தித் துரத்திக் கொத்தும். அதன் கூட்டுக்குப் பக்கத்தில் மற்ற சின்னப் பறவைகள் கூடு கட்டுவதே அந்தப் பாதுகாப்புக்காகத்தான். எங்கள் வேப்பமரத்தில் ஒரு ஜோடி இருந்தது. கிளை வெட்ட வந்த ஆளை, "அந்தப் பக்கம் மட்டும் தொடாதப்பா" என்று சொல்லி அனுப்பினேன்.

கழிவு: மீன், கோழிக் கழிவை வெளியே போடுவதை நிறுத்தினேன். ஆழமாகக் குழி தோண்டி, மண்ணும் சாம்பலும் போட்டு மூடுகிறேன். ஒரு மாதத்திலேயே எங்கள் வீட்டுக்கு மேலே வட்டம் குறைந்தது.

ராத்திரி: பொழுது சாயும் முன்பே கூட்டில் அடைத்துத் தாழ் போடுங்கள். ஆந்தை, பூனை, பெருச்சாளி எல்லாம் இருட்டில் வரும். கூட்டுக்கு அடியில் கல் பாவி, கம்பி வலை இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வீடுகளில் குஞ்சுக்கு ரோஸ் கலர் பூசுவார்கள். பளபளக்கும் தட்டைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். நானும் செய்து பார்த்தேன். முதல் வாரம் பருந்து தயங்கியது. அப்புறம் அதற்குப் பழகிவிட்டது. நம்பி உட்கார வேண்டாம்.

கோழி வளர்ப்பை முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்குப் பொத்தேரி அருகே காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

மாடி வீட்டுச் சகோதரிகளுக்கு

"எங்களுக்கு ஏது கோழி?" என்று அடுக்குமாடியில் இருப்பவர்கள் கேட்கலாம். பால்கனியில் லவ் பேர்ட்ஸ் கூண்டு தொங்குகிறதே! வல்லூறு கூண்டின்மேலேயே வந்து பாயும். உள்ளே இருக்கிற குருவி பயத்தில் கம்பியில் மோதியே செத்துவிடும். கூண்டைச் சுவரை ஒட்டி, மேலும் இரண்டு பக்கமும் துணியாலோ பாயாலோ மூடி வையுங்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது உள்ளே எடுத்துவிடுங்கள். முயல் குட்டி, பூனைக் குட்டியை மொட்டை மாடியில் தனியாக விடாதீர்கள்.

வளர்ந்த நாயைப் பருந்து தூக்கிப்போகும் என்று பயப்பட வேண்டாம். கள்ளப்பருந்தின் எடையே பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்தான். ஆனால் மாடியில் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது கவனம். கையில் இருக்கும் கறித்துண்டையோ மீனையோ பறிக்கப் பாயும், நகம் கீறிவிடும். அதன் கூடு பக்கத்தில் இருந்தால் மனிதர் தலைக்குமேலும் பாயும். அந்த மாதங்களில் குடை பிடித்துக்கொண்டு துணி உலர்த்துங்கள். கீறல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அடிபட்ட பருந்து கீழே விழுந்து கிடந்தால் கல்லால் அடிக்க விடாதீர்கள். கெட்டித் துணியைப் போர்த்தித் தூக்கி, காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வனத்துறைக்கோ வேளச்சேரி ப்ளூ கிராசுக்கோ சொல்லுங்கள். 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவைகளைக் கொல்வது குற்றம். அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று சொல்ல முடியாது, அவ்வளவு ஆத்திரம்.

கழுகு வராத மலை

சின்ன வயசில் அம்மா என்னைத் திருக்கழுகுன்றம் மலைக்குக் கூட்டிப்போனது நினைவுக்கு வருகிறது. உச்சிவேளையில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் காத்திருப்பார்கள். மஞ்சள் முகமும் வெள்ளை உடம்புமாக இரண்டு கழுகுகள் வந்து சாப்பிட்டுப் போகும். கூட்டம் கைகூப்பி நிற்கும். 1990-களுக்குப் பிறகு அவை அங்கே வருவதில்லை. என் மகளுக்குக் காட்டக் கூட்டிப்போனபோது மலையும் படிகளும்தான் இருந்தன.

நம் நாட்டில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததற்கு ஒரு பெரிய காரணம், மாட்டு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்து. மருந்து போட்ட மாடு செத்ததும் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுப்போனது. 2006-ல் மாட்டுக்கு அதைப் போடுவதை அரசாங்கம் தடை செய்தது. யாரும் கழுகைக் கொல்ல நினைத்து அந்த ஊசியைப் போடவில்லை. ஒரு வாய்க்கு வைத்தது எத்தனை வாய்க்குப் போகும் என்பதை நான் என் கொல்லையிலேயே பார்த்துவிட்டேன்.

இந்த வருஷம் தையில் அதே கோழி பன்னிரண்டு குஞ்சு பொரித்தது. ஒன்று முட்டையிலேயே நோஞ்சானாக வந்து போய்விட்டது. இன்னொன்று என் கவனக்குறைவால் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. இப்போது தொட்டிக்கு மூடி போட்டாகிவிட்டது. மிச்சம் பத்தும் வளர்ந்து நிற்கின்றன. பருந்துக்கு ஒன்றுகூடப் போகவில்லை. அது தினம் வருகிறது, பந்தலுக்குமேலே ஒரு சுற்றுச் சுற்றுகிறது, ஏரிப் பக்கம் போய்விடுகிறது.

போன வெள்ளிக்கிழமை மாமியார் வழக்கம்போல அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இப்போது நன்றாக நடக்கிற பேரன் அவர் பக்கத்தில் நின்று தானும் போட்டுக்கொண்டான். புடலங்காய் பறித்துக்கொண்டிருந்த நானும் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போட்டுக்கொண்டேன்.

மணியைப் புதைத்த இடத்தில் ஒரு செம்பருத்தி வைத்திருக்கிறேன். பந்தலும் கூடையும் பத்து மாதம் கழித்துக்கூடப் போட்டுக்கொள்ளலாம். விஷத்தை மட்டும் ஒரு நாளும் கையில் எடுக்காதீர்கள், சகோதரிகளே.